வாழ்த்து மடல்களில் ஒரு விழாவின் வரலாறு

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அயல்நாட்டு விழா ஒன்றைப் பற்றி, அதிலும் அவ்விழாவிற்கு அந்நாட்டார் ஒருவர்க்கொருவர் விடுத்துக்கொண்ட வாழ்த்து மடல்களைப் பற்றி, இம்மன்றத்தில் பேசுவானேன் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அக்டோபர் இறுதி வந்தால் சென்னைப் பெருங்கடைகள் சிலவற்றிலும், ஆங்கிலப் பள்ளிகள் சிலவற்றிலும் இப்போது பேய் முகமூடிகளும் நெகிழியாற் செய்த பறங்கிக்காய்களும் தொங்குகின்றன. அதைக் கண்டு நாம் சினக்கிறோம். சினத்தல் எளிது. எதைக் கண்டு சினக்கிறோம் என்று அறிந்து சினத்தல் அத்துணை எளிதன்று. அந்த முகமூடிக்குப் பின்னால் நம்மைப் போலவே மொழியையும் மண்ணையும் இழக்க நேர்ந்த ஓர் இனம் நிற்கிறது என்பதை அறிந்த பின்னரும் நீங்கள் சினப்பீர்களாயின், அது வேறு. முதலில் அறிந்துகொள்வோம்.

ஆலோவீன் என்பது அக்டோபர் 31-ஆம் நாள் இரவு. மறுநாள், நவம்பர் 1, கிறித்தவத் தூயோர் அனைவர்க்குமான திருநாள். அதற்கு மறுநாள் இறந்தோர் நினைவு நாள். தூயோர் திருநாளின் முன்மாலை என்னும் பொருளுடைய நீண்ட தொடர்தான் இசுக்காட்லாந்து மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து ஆலோவீன் ஆயிற்று. பழைய மடல்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அச்சொல்லின் இறுதிப் பகுதியில் ஓர் எழுத்து விடுபட்டதைக் காட்டும் மேற்குறி இட்டிருப்பார்கள். மாலை என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் வகர ஒலி உதிர்ந்துவிட்டது என்று அக்குறி அறிவித்துக்கொண்டிருந்தது. இன்றைய அச்சில் அக்குறியும் பெரும்பாலும் இல்லை. உதிர்ந்தது எழுத்து, பின்னர் உதிர்ந்தது, உதிர்ந்ததை நினைவூட்டிய அடையாளம்.

மடல்களுக்கு வருவோம். அஞ்சலட்டை என்னும் பொருளே உலகுக்குப் புதிது. ஆத்திரியா 1869-இல் முதன்முதல் அதனை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1870, அமெரிக்காவில் 1873, நம் நாட்டில் 1879. அவையெல்லாம் அரசு அச்சிட்ட வெற்றட்டைகள். 1898 மே திங்களில் அமெரிக்கப் பேராயம் இயற்றிய சட்டம், தனியார் அச்சிடும் அட்டைகளையும் ஒரு செண்டுக் கட்டணத்தில் விடுக்க இசைவளித்தது. 1907 மார்ச்சு முதல், அட்டையின் பின்புறத்தைக் கோடிட்டுப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதிக்கொள்ளலாம் என்றாயிற்று. அதுவரை முகவரிப் புறத்தில் வேறொன்றும் எழுதக்கூடாது. எழுத விரும்புவோர் படத்தின் ஓரத்திலேயே கிறுக்க வேண்டியிருந்தது. கோடு விழுந்ததும் படம் முழுமையாக விடுபட்டது. ஓவியர்க்குக் கொண்டாட்டம். சிற்றூர்களில் வீட்டு வாயிலுக்கே அஞ்சல் கொண்டு தரும் முறையும் 1902-இல் அங்கு நிலைபெற்றுவிட்டிருந்தது. விளைவு என்ன? 1908 சூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க அஞ்சலில் 67 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் சென்றன. அந்நாட்டின் மக்கள்தொகையோ அப்போது 9 கோடியைத் தொடவில்லை!

அவ்வெள்ளத்தில் கிறித்துப் பிறப்பு விழா மடல்களே மிகுதி. ஆலோவீன் மடல்கள் சிறுபகுதிதான். ஆனால் அழகில் அவற்றை விஞ்சியவை குறைவு. இலண்டன் இரபேல் தக்கு நிறுவனம், நியூயார்க்கு சான் வின்சு நிறுவனம் முதலியவை அவற்றை வெளியிட்டன. எல்லன் கிளாப்சாடில் என்னும் அம்மையார் (1865-1934) வரைந்த குழந்தைகளின் முகங்கள் தனியழகு வாய்ந்தவை. குழந்தையின் கை தனியே அசையுமாறு வெட்டி இணைத்த அட்டைகளையும் அவர் ஆக்கினார். சாமுவேல் சுமக்கர் (1879-1921) வின்சு நிறுவனத்திற்கு வரைந்த மங்கையரோ, நிலவொளியும் புகையும் சூழத் தோன்றும் கனவுப் பெண்கள். அவர் அட்டை ஒன்று இன்று ஏலத்தில் நூற்றுக்கணக்கான தாலருக்குப் போகிறது. அன்று கடையில் அதன் விலை ஓரிரு செண்டுகள்.

இவற்றுட் பெரும்பகுதி அச்சானது எங்கே? அமெரிக்காவிலன்று, செருமனியில். நிறத்துக்கொரு கல்லாக வைத்துப் பத்துக்கும் மேற்பட்ட நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமற் பதிக்கும் வண்ணக் கல்லச்சுக் கலையில் செருமானியத் தொழிலாளர்க்கு நிகர் அன்று யாருமிலர். மேட்டுருவாகப் புடைக்கச் செய்யும் திறமும் அவர்க்கே கைவந்தது. இதில் வியப்பு யாதெனில், ஆலோவீன் அத்தொழிலாளரின் விழாவே அன்று. தாம் அறியாத விழாவுக்கு, தாம் பேசாத மொழியில், தாம் காணாத மக்கள் வாங்குதற்பொருட்டு அவர்கள் கல்லில் மை தடவினார்கள்.

சரி, அம்மடல்களில் என்னதான் இருந்தது? கரும்பூனை, ஆந்தை, விளக்குமாற்றின் மேலேறிப் பறக்கும் மந்திரக் கிழவி, கண்ணும் வாயும் குடைந்த பறங்கிக்காய் விளக்கு ஆகியவை நீங்கள் எதிர்பார்ப்பவை. காய்கறிகளே ஆள்களாகி நடப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பாராதது ஒன்று. ஒரு கன்னிப்பெண் நள்ளிரவில் மெழுகுவத்தி ஏந்திக் கண்ணாடி முன் நிற்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் ஓர் இளைஞன் முகம் கண்ணாடியில் தெரிகிறது. அவனே அவள் கணவனாகப் போகிறவன். இன்னொருத்தி ஆப்பிள் தோலை அறுபடாமல் நீளச் சீவித் தோளுக்குப் பின்னால் வீசுகிறாள். தோல் விழுந்து கிடக்கும் வடிவம் எவ்வெழுத்தோ, அவ்வெழுத்தில் தொடங்கும் பெயருடையவன் வருவான். அடுப்பங்கரையில் இரண்டு கொட்டைகளைத் தீயிலிட்டு, அவை அமைதியாக எரிகின்றனவா, வெடித்துப் பிரிகின்றனவா என்று காதலர் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தொட்டி நீரில் மிதக்கும் ஆப்பிளைக் கையால் தொடாது வாயால் கவ்வ முயல்கின்றனர் சிறுவர்.

இவையெல்லாம் ஓவியர் புனைந்தவை அல்ல. இசுக்காட்லாந்துப் பாவலர் இராபர்ட்டு பர்ன்சு இவ்விரவைப் பற்றி 1785-இல் ஒரு நீண்ட பா எழுதி, மறு ஆண்டு தம் முதல் தொகுப்பில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அன்று, தம் மண்ணின் இசுக்காட்டு மொழியில். கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்திற்குச் சென்று கீரைத்தண்டைப் பிடுங்குவதும், தண்டு நேரோ கோணலோ என்பதைக் கொண்டு வருங்காலத் துணையின் உருவை அறிவதும், வேரில் ஒட்டிய மண்ணின் அளவைக் கொண்டு சீர்ப்பொருளைக் கணிப்பதும், கண்ணாடி முன் ஆப்பிள் தின்பதும் அதில் உள்ளன. தம் நாட்டு வழக்கங்கள் வெளியார்க்குப் புரியாமற் போகுமென்று அவரே அடிக்குறிப்புகளும் எழுதி வைத்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னர், அவர் எழுதிய அதே வழக்கங்களை நாம் அமெரிக்க அட்டையில் காண்கிறோம். உழவர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து பாவுக்கும், பாவிலிருந்தும் குடியேறியோர் நினைவிலிருந்தும் கல்லச்சுக்கும் அவை வந்து சேர்ந்தன.

இன்னும் பின்னால் போவோம். அயர்லாந்தில் இவ்விரவுக்குப் பெயர் வேறு. அவர்கள் மொழியில் இது சாவின் இரவு. எழுதும்போது மகரமும் ககரமும் போன்ற எழுத்துகளை இட்டு எழுதுவர். ஒலிக்கும்போது ஏறத்தாழச் ‘சாவின்’ என்றே ஒலிப்பர். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள் அது. அவ்விரவில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலுள்ள கதவு திறந்திருக்கும் என்பது அவர்தம் பழங்கதைகளில் வரும் நம்பிக்கை.

‘சாவின்’ என்றதும் உங்களுள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். இறந்தோர் நினைவுக்குரிய நாள்; பெயரோ சாவின் இரவு; ஆகவே இது தமிழ்ச்சொல் என்று நாளைக்கே ஒருவர் கட்டுரை எழுதி நம் இதழுக்கு விடுத்தாலும் வியப்பதற்கில்லை. வேண்டா, தோழர்களே. இதே பிழையை வேறொருவர் நமக்கு முன்னரே செய்து முடித்துவிட்டார். சார்லசு வல்லன்சி என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பணியாற்றிய ஆங்கிலப் படைப் பொறிஞர். ஐரிசு மொழியில் அவருக்கு ஆர்வம் மிகுதி, அறிவு குறைவு. கிழக்கத்திய மொழிகளோடெல்லாம் அதனை முடிச்சிட்டு, சாவின் என்பது இறப்புத் தெய்வம் ஒன்றைக் குறிப்பது என்று எழுதிவைத்தார். அப்படியொரு தெய்வம் ஐரிசுப் பழநூல்களில் இல்லை. ஆயினும், அந்தத் தெய்வம் அமெரிக்கப் பொத்தகங்களில் இருநூறு ஆண்டுகள் உயிரோடிருந்தது! இடைக்கால ஐரிசுப் புலவர்கள் கோடையின் முடிவு என்று அச்சொல்லைப் பிரித்துக் காட்டினர். அதனையும் இன்றைய மொழியறிஞர் முழுதும் ஒப்புவதில்லை. ஒலி ஒத்தமையால் உறவு சொல்வது, வழியிற் போவோன் ஒருவனை மூக்கு ஒத்திருப்பதால் தம்பி என்று அழைப்பது போன்றதே. சொற்பிறப்பை ஒரு துறையாக வளர்க்க விரும்பும் நாம், பிறர்மேல் வைக்கும் அளவுகோலை நம்மீதும் வைத்தாக வேண்டும்.

இதுபோன்றே இன்னொரு செய்தி. ஐரிசு மக்களின் விழாவை ஒழிக்கவே உரோமைத் திருச்சபை நவம்பர் 1-ஐத் தூயோர் நாளாக்கியது என்று பலரும் எழுதுவர். கேட்பதற்கு நமக்கு உவப்பாக இருக்கிறது. அயல் மதம் மண்ணின் விழாவை விழுங்கிய கதை நமக்குப் பழக்கமானதன்றோ? ஆனால் பிரித்தானிய வரலாற்றறிஞர் இரனால்டு அட்டன், 1996-இல் வெளியிட்ட நூலில் இதனை ஐயுறுகிறார். தொடக்கக் கால அயர்லாந்துத் திருச்சபையே தூயோர் நாளை ஏப்பிரல் 20-இல் கொண்டாடியது. நவம்பர் 1 என்னும் நாள் வேறு நாடுகளில் வழங்கிப் பின்னரே அயர்லாந்துக்கு வந்தது என்கிறார் அவர். விழுங்கிய கதையைச் சொல்லத்தான் வேண்டுமெனில், அயர்லாந்தில் அதற்கு வேறு சான்று இருக்கிறது. அது திருச்சபையைப் பற்றியதன்று.

1845-இல் அங்கு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழாண்டுகளில் ஏறத்தாழப் 10 இலக்கம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். இன்னும் 10 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மடிந்தவரும் போனவரும் பெரும்பாலும் மேற்குக் கடற்கரை ஏழை உழவர். ஐரிசு மொழியை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள். 1851-இல் அரசு முதன்முறையாக மொழிக் கணக்கெடுத்தபோது ஐரிசு பேசுவோர் 15 இலக்கத்தினர். 1901-இல் அத்தொகை 6 இலக்கத்து 40 ஆயிரமாகிவிட்டது. தம் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே தம் மொழியை வீட்டுக்குள் அடக்கிக்கொண்டனர். இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் தெருவிலேயே நீங்கள் காண்பதுதான்.

கப்பலேறியவர்கள் அமெரிக்காவுக்கு எதைக் கொண்டு சென்றனர்? இந்த இரவைக் கொண்டு சென்றனர். அயர்லாந்தில் தர்னிப்பு என்னும் உருண்டைக் கிழங்கைக் குடைந்து, அச்சுறுத்தும் முகம் செதுக்கி, உள்ளே கனலை வைப்பார்கள். அமெரிக்காவில் அதைவிடப் பெரியதும் மென்மையானதுமான பறங்கிக்காய் கிடைத்தது. கிழங்கை விட்டுக் காய்க்கு மாறினர். பறங்கிக்காய் அமெரிக்க மண்ணுக்கே உரிய கொடி. அது நம் நாட்டுக்கு வந்தபோது, கொண்டுவந்த பறங்கியர் பெயரைத் தமிழர் அதன்மேல் ஒட்டினர். ஐரிசு மக்களோ பெயரை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அதன்மேல் செதுக்கினர். இந்த மாற்றத்தில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. புகுந்த மண் தந்ததைக் கொண்டு பழையதைச் செய்தனர், அவ்வளவே.

மடல்களின் பொற்காலம் நீடிக்கவில்லை. 1909-இல் அமெரிக்கா அயல்நாட்டு அச்சட்டைகள் மீது இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. 1914-இல் போர் மூண்டதும் செருமனியிலிருந்து வரவு நின்றது. 1917-இல் அஞ்சலட்டைக் கட்டணமும் சில காலம் இரண்டு செண்டாயிற்று. தொலைபேசி பரவியது. மடித்து உறையிலிட்டு அனுப்பும் வாழ்த்து மடல் கடைகளைப் பிடித்துக்கொண்டது. நம் மறைமலையடிகளார் தனித்தமிழ் உறுதி பூண்ட 1916-ஆம் ஆண்டளவில் அங்கே வண்ண அஞ்சலட்டைக் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது. நம் வீடுகளில் பொங்கல் வாழ்த்து மடல்கள் கட்டுக்கட்டாக வந்து, பின்னர்க் கைப்பேசிக்குள் சுருங்கிப்போன கதையை எண்ணிக்கொள்ளுங்கள், அதிகம் வேறுபாடில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இன்று ஆலோவீன் என்றதும் எவர்க்கும் நினைவுக்கு வருவது, சிறுவர் மாற்றுடை அணிந்து வீடுவீடாகச் சென்று, இனிப்புத் தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா என்று கேட்பதன்றோ? அவ்வழக்கம் அந்தப் பழைய மடல்களில் இல்லை. மாற்றுடை அணிந்து வீடுவீடாகச் செல்லும் பழக்கம் இசுக்காட்லாந்திலும் அயர்லாந்திலும் முன்பே உண்டு. இங்கிலாந்தில் இறந்தோர்க்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி அப்பம் பெற்றுச் செல்லும் ஏழைகளும் இருந்தனர். ஆனால் அந்தக் கேள்வித்தொடர் கனடாவில் 1917-இலும் 1920-களிலும்தான் அச்சில் தென்படுகிறது. அமெரிக்காவில் 1930-களில் பரவுகிறது. அதற்குமுன் அவ்விரவில் இளைஞர் கதவுகளைக் கழற்றி எறிவதும் வண்டிகளைக் கூரைமேல் ஏற்றுவதுமாக ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தனர். மின்னசோட்டா மாநிலத்து அனோக்கா என்னும் ஊர், அந்தக் குறும்பை அடக்கவே 1920-இல் ஊர்வலம் ஒன்றை ஏற்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைப் பங்கீடு இருந்தது. அது 1947-இல் நீங்கியதும் இனிப்பு வாணிகர் இவ்விரவைத் தமதாக்கிக்கொண்டனர். கன்னிப்பெண்களின் இரவு சிறுவர் இரவாயிற்று. கண்ணாடியும் ஆப்பிள் தோலும் மறைந்தன. தம் கணவனைத் தாமே தேர்ந்துகொள்ளும் பெண்ணுக்குக் கண்ணாடியைக் கேட்கும் தேவை குறைந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். அந்த இழப்புக்காக நான் அழப்போவதில்லை.

இனி, நமக்கு இடர்ப்பாடான கேள்விக்கு வருவோம். மொழி அழிந்தால் பண்பாடு அழியும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அமெரிக்கா சென்ற ஐரிசு மக்கள் மொழியை இழந்தனர்; விழாவோ இழக்கவில்லையே! இழக்காதது மட்டுமா? உலகெங்கும் பரப்பிவிட்டனர். அப்படியாயின் நம் முழக்கம் பொய்யா?

இக்கேள்வியை நான் என்னையே பலகாலும் கேட்டுக்கொண்டதுண்டு. நான் கண்ட விடை இது. சாவின் என்னும் சொல்லை இன்றும் நாள்தோறும் பேசுவோர் இருக்கின்றனர். ஐரிசு மொழியில் நவம்பர்த் திங்களுக்கே சாவின் என்று பெயர். மே திங்களின் பெயரும் ஆகத்துத் திங்களின் பெயரும் அதுபோன்றே பழைய விழாக்களின் பெயர்கள்தாம். அம்மொழியில் நாள்குறிப்பைப் பார்க்கும் பிள்ளைக்கு, தன் முன்னோர் ஆண்டை எப்படிப் பகுத்தனர் என்று யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அமெரிக்கப் பிள்ளைக்கு விழா உண்டு. அது எதன் முடிவு, எதன் தொடக்கம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே, வாணிகர் அவ்விழாவை எப்பக்கம் திருப்பினாலும் அது திரும்புகிறது. பிடித்து நிறுத்தச் சொல் இல்லை. அழகிய மடல்களும் பிடித்து நிறுத்தவில்லை. அவை இருபதாண்டு நின்று, ஏலக் கடைக்குப் போயின.

மற்றொன்றும் உண்டு. ஆங்கிலம் பேசத் தொடங்கிய ஐரிசு வீட்டிலும் அடுக்களை மட்டும் முழுதாக மொழி மாறவில்லை. ஆலோவீன் இரவில் அவர்கள் உண்ணும், உலர்பழம் இட்ட அப்பத்துக்கு ஆங்கிலத்தில் பார்ம்பிராக்கு என்று பெயர். அது ஐரிசில் புள்ளியிட்ட அப்பம் என்னும் பொருளுடைய தொடரின் சிதைவு. அதற்குள் மோதிரம் ஒன்றை வைத்துச் சுடுவர்; எவர் துண்டில் மோதிரம் வருகிறதோ அவர்க்கு ஓராண்டுக்குள் திருமணம். உருளைக்கிழங்கும் கீரையும் மசித்த கோல்கானன் என்னும் உணவின் பெயரும் வெண்தலைக் கோசு என்னும் ஐரிசுத் தொடரிலிருந்து வந்தது என்பர். இன்றும் அயர்லாந்துக் கடைகளில் மோதிரம் வைத்த பார்ம்பிராக்கு அக்டோபரில் விற்கிறது. அதே கடைகளில் பறங்கிக்காயும் விற்கிறது. கடல் கடந்து போன விழா, உருமாறித் தாய்வீட்டுக்கே திரும்பி வந்து, கிழங்கைத் துரத்திவிட்டது. மேயோ மாவட்டத்தில் உள்ள நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தில் பழைய தர்னிப்பு முகம் ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. கோணல் பற்களும் குழிந்த கண்களுமாய், எந்த வாழ்த்து மடலிலும் காணாத அருவருப்பான முகம்; பேயை ஓட்டச் செய்த முகம் அழகாயிருக்க வேண்டுவதில்லை.

விடுதலை பெற்ற பின்னர் அந்நாட்டார் செய்த ஒரு செயலைச் சொல்லி அமைகிறேன். 1935-இல் ஐரிசு நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அரசே நிறுவியது. 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பணியைக் கொடுத்தனர்: வீட்டுக்குப் போய்ப் பாட்டனிடமும் பாட்டியிடமும் பழைய வழக்கங்களையும் கதைகளையும் கேட்டு எழுதி வாருங்கள். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் எழுதினர். சிலர் ஐரிசில், மிகப்பலர் ஆங்கிலத்தில். சாவின் இரவில் தம் ஊரில் என்ன செய்தார்கள், கொட்டையை எப்படிச் சுட்டார்கள், அன்றிரவு எந்தக் கதவைத் தாழிடாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அவர்தம் பள்ளிக் கையெழுத்தில் இருக்கின்றன. அந்த ஏடுகள் இன்று கணினி வழியாக எவரும் படிக்கக் கிடைக்கின்றன. நம் கூட்டத்தில் ஆசிரியர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். வரும் பொங்கலுக்கு முன் உங்கள் வகுப்பில் ஓர் ஏட்டைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்கழிச் சாணிப்பிள்ளையாரில் எந்தப் பூவை வைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஐம்பது வினாக்கள் எழுதி வைத்திருக்கிறேன்; வாயிலருகே மேசைமீது படிகள் உள்ளன, வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.